முதல் சொந்த விமானம்: செஸ்னா 150, செரோக்கி 140, ரோட்டாக்ஸ் போட்ட இரண்டு சீட்டர் – எது யாருக்கு?

லைசென்ஸ் எடுத்து வாடகை விமானத்தில் கொஞ்ச காலம் ஓட்டியவர்கள் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று தேடத் தொடங்கினால், கடைசியில் மூன்று வகைதான் பெரும்பாலும் மிஞ்சும். பழைய செஸ்னா 150 அல்லது அதன் தம்பி 152. பழைய பைப்பர் செரோக்கி 140. அதிகபட்ச எடை 600 கிலோ என்ற வரம்புக்குள் வரும் புதுத் தலைமுறை இரண்டு சீட்டர், அதில் பெரும்பாலும் ரோட்டாக்ஸ் 912 இன்ஜின். மூன்றும் 95 முதல் 110 நாட் (மணிக்குச் சுமார் 175 முதல் 205 கிலோமீட்டர்) வேகத்தில் போகிறவை. ஆகவே வேகத்தை வைத்து ஒப்பிடுவது வீண் வேலை. எவ்வளவு சுமக்கும், ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் இன்ஜினுக்கு என்ன ஆகும், பழுதானால் யார் கை வைக்கலாம் என்ற மூன்று கேள்விகளில்தான் இவை பிரிகின்றன.

அதற்கு முன் ஒரு கணக்கு. ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் பறப்பீர்கள்? நூறு மணிக்குக் கீழே என்றால் வாடகையே லாபம் என்பது இந்த வட்டாரத்தில் எல்லாரும் சொல்லும் பொதுக்கணக்கு. ஹேங்கர், இன்ஷூரன்ஸ், ஆண்டு ஆய்வு மூன்றும் விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஒரே செலவுதான். பணக் கணக்கை விடுங்கள். குறைவாகப் பறக்கும் இன்ஜின் சீக்கிரம் கெடும் என்பதுதான் பெரிய விஷயம். அதைக் கீழே பார்ப்போம்.

எடை: விளம்பரத்தில் இல்லாத கணக்கு

செஸ்னா 150-இன் அதிகபட்ச எடை 726 கிலோ. ரேடியோ, பழைய பெயின்ட், கூட்டிச் சேர்த்த சாமான் எல்லாம் சேர்ந்து வெற்று எடை 500 கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும். மிச்சம் 226. தலா 85 கிலோவில் இரண்டு பேர் ஏறினால் 56 கிலோ மீதி. ஏவ்கேஸ் எனும் விமானப் பெட்ரோல் லிட்டருக்கு 0.72 கிலோ என்பதால் 78 லிட்டர் ஊற்றலாம். மணிக்கு 21 லிட்டர் குடிக்கிறது. முக்கால் மணி நேர கையிருப்பைக் கழித்தால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். பை எதுவும் இல்லாமல். இருவரும் 95 கிலோ என்றால் 50 லிட்டர்தான். ஒன்றரை மணி நேரத்தில் இறங்கியாக வேண்டும். 152-இன் வரம்பு 757 கிலோ. ஆனால் அதன் வெற்று எடையும் கூடுதல் என்பதால் பெரிய மாற்றம் இல்லை. பெரிய உடம்புக்காரர் இருவர் ஃபுல் டேங்க் போட்டுக்கொண்டு 150-இல் கிளம்புகிறார்கள் என்றால் அது வரம்பு தாண்டிய விமானம். கடல் மட்டத்தில், குளிர்ந்த நாளில் நிமிடத்துக்கு 670 அடி ஏறும் என்று கையேடு சொல்வதெல்லாம் எடை வரம்புக்குள் இருக்கும்போதுதான். வெயில் நாளில், கூடுதல் எடையில், அந்த 100 குதிரைத்திறன் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

செரோக்கி 140-க்கு வரம்பு 975 கிலோ, இன்ஜின் 150 குதிரைத்திறன். வெற்று எடை 590 என்று வைத்தால் 385 கிலோ கையில் இருக்கிறது. டேங்க் நிரம்ப 189 லிட்டர், அதாவது 136 கிலோ ஊற்றிய பிறகும் 95 கிலோ ஆட்கள் இருவரும் அறுபது கிலோ அளவுக்குச் சாமானும் ஏறலாம். நாலு சீட் இருக்கிறதே என்று நாலு பேரை ஏற்றினால் கதை மாறும்: தலா 85 கிலோ என்றாலே 340 போய்விடும், மீதி 62 லிட்டர். மணிக்கு 32 லிட்டர் குடிக்கும் இன்ஜினுக்கு அது கையிருப்பு போக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆக 140 என்பது இருவர் தாராளமாகப் போகும் விமானம், மூன்றாவது ஆள் எப்போதாவது. டேங்குக்குள் தெரியும் உலோக நாக்கு வரை ஊற்றினால் ஒரு பக்கம் 68 லிட்டர். எடையைக் கணக்குப் போட இது வசதி.

600 கிலோ வகையில் வெற்று எடை 350 என்று இருந்தால் 250 மிஞ்சும். 95 கிலோ ஆட்கள் இருவர் ஏறியும் எண்பது லிட்டர் ஊற்றலாம். மணிக்கு 18 லிட்டர்தான் செலவு என்பதால் இது செஸ்னாவை நன்றாகவே முந்துகிறது. ஆனால் பாராசூட், ஆட்டோபைலட், தோல் இருக்கை, இரண்டு திரை என்று அடுக்கிய விமானம் 380 கிலோவைத் தொடும். அப்போது கணக்கு மறுபடி 150-இன் கணக்குதான். விலைப்பட்டியலில் இருக்கும் எடையை நம்ப வேண்டாம். அந்தக் குறிப்பிட்ட விமானத்தைத் தராசில் ஏற்றி எடுத்த அறிக்கையைக் கேளுங்கள்.

இன்ஜின்: சும்மா நிற்பதுதான் பகை

லைகமிங் இன்ஜின்களில், அதாவது செரோக்கியின் ஓ-320-இலும் செஸ்னா 152-இன் ஓ-235-இலும், கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) கிராங்க்ஷாஃப்டுக்கு (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) மேலே உட்கார்ந்திருக்கும். நிறுத்திய சில நாளில் அதன் மேலிருந்த எண்ணெய் வடிந்து கீழே போய்விடும். ஈரக்காற்று பட்டால் கேம் முகத்தில் பொடித் துரு பிடிக்கும். அடுத்த ஸ்டார்ட்டில், கேம் தள்ளும் டேப்பெட் அந்தத் துருவை உரசி, மேல் தோல் செதிலாக உரியும். அந்த உலோகத் தூள்தான் பிறகு ஃபில்டரில் கிடைப்பது. அதைச் சரிசெய்ய இன்ஜின் கூட்டையே பிளக்க வேண்டும். செஸ்னா 150-இன் கான்டினென்டல் ஓ-200-இல் கேம் கிராங்குக்குக் கீழே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

‘வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்’ என்று பெருமையாகச் சொல்லும் உரிமையாளரைப் பார்த்தால் உஷாராகுங்கள். தரையில் பத்து நிமிடம் ஓடினால் எண்ணெய் சூடாகாது. எரிந்த பெட்ரோலின் நீராவி மட்டும் எண்ணெயில் சேரும். எண்ணெய் 80 டிகிரி செல்சியஸுக்கு வந்து ஒரு மணி நேரம் பறந்தால்தான் ஈரம் வெளியேறும். இல்லையென்றால் தொடாமல் விடுவதே மேல்.

அதனால்தான் ‘ஓவர்ஹால் முடிந்து 300 மணிதான் ஆகிறது’ என்ற வரியைப் படித்ததும் ஓவர்ஹால், அதாவது இன்ஜினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலை, நடந்த ஆண்டைத் தேட வேண்டும். 300 மணி இருபது ஆண்டில் ஓடியிருந்தால் ஆண்டுக்குப் பதினைந்து மணி. ஆண்டுக்கு நூறு மணி ஓடி 1,400 மணி கண்ட இன்ஜின் அதைவிட நம்பகமானது. ஓவர்ஹால் இடைவெளி ஓ-200-க்கு 1,800 மணி, ஓ-320-க்கு 2,000, 152-இன் ஓ-235-க்கு 2,400. இந்த எண்கள் இன்ஜின் தொடர்ந்து பறந்தால்தான் பொருள் தரும்.

ஓ-200-க்குத் தனியாக ஒரு குணம் உண்டு: கார்புரேட்டரில் பனிக்கட்டி பிடிப்பது. லைகமிங்கில் கார்புரேட்டர் சூடான எண்ணெய்த் தொட்டியில் ஒட்டி இருக்கும். கான்டினென்டலில் தனியாகத் தொங்கும். ஈரமான வானிலையில் 20 டிகிரியில்கூட ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) மெதுவாகச் சரியும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் குமிழை இழுத்ததும் இன்ஜின் முதலில் இன்னும் தடுமாறும், பிறகுதான் சீராகும். அந்தத் தடுமாற்றத்தைக் கண்டு பயந்து குமிழை உள்ளே தள்ளிவிடுவதுதான் வழக்கமான தவறு.

152-இல் ஸ்பார்க் பிளக்கில் ஈயம் படியும். 100எல்எல் எனும் வழக்கமான ஏவ்கேஸில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். தரையில் டாக்ஸி போகும்போதே மிக்சரை நன்றாக லீன் செய்து (காற்றோடு கலக்கும் பெட்ரோலைக் குறைத்து) பழகினால் இது பெருமளவு குறையும்.

ஓ-320-இல் குளிர்ந்த ஸ்டார்ட்டுக்குப் பின் முதல் ஒரு நிமிடம் ஒரு சிலிண்டர் மட்டும் தட்டிவிட்டுப் பிறகு சரியானால், எக்ஸாஸ்ட் வால்வு நகரும் குழலான கைடில் கரி சேர்ந்திருக்கிறது என்று பொருள். ‘சூடானால் சரியாகிவிடும்’ என்று விட்டால் ஒருநாள் வால்வு மாட்டி, அதைத் தள்ளும் புஷ்ராட் வளையும்.

ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் வேறு ஜாதி. 100 குதிரைத்திறனை 5,800 ஆர்பிஎம்மில் தருகிறது. அதுவும் ஐந்து நிமிடத்துக்குத்தான், தொடர்ந்து ஓட்ட 5,500. இடையில் 2.43-க்கு 1 கியர்பாக்ஸ். சிலிண்டர் தலைக்குத் தண்ணீர், உடம்புக்குக் காற்று. காருக்குப் போடும் 95 ஆக்டேன் பெட்ரோலே இதற்கு உகந்தது. ஏவ்கேஸ் ஊற்றினால் ஈயக் கசடு எண்ணெயில் சேரும். நூறு மணிக்கு ஒருமுறை மாற்றும் எண்ணெயை ஐம்பதுக்குள், முடிந்தால் இருபத்தைந்துக்கே மாற்ற வேண்டும்.

பழைய இன்ஜின் பழக்கத்தோடு வருகிறவர்கள் இதில் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். முதலாவது, எண்ணெய் அளவு பார்ப்பது. எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கிறது. நின்றிருக்கும்போது கொஞ்சம் கிராங்க்கேஸில் தங்கிவிடும். இக்னிஷன் இரண்டும் ஆஃப் என்று உறுதி செய்து, தொட்டி மூடியைத் திறந்து, ப்ரொப்பெல்லரை ஓடும் திசையில் கையால் சுற்ற வேண்டும். தொட்டியிலிருந்து ‘குளுக்’ என்று காற்று வரும் சத்தம் கேட்ட பிறகே குச்சியைப் பார்க்க வேண்டும். சுற்றாமல் பார்த்தால் குறைவாகக் காட்டும், மேலே ஊற்றி நிரப்பிவிடுவார்கள். எதிர்த்திசையில் சுற்றவே கூடாது, எண்ணெய்ப் பாதையில் காற்று புகும். இரண்டாவது, தளர்ந்த பேட்டரி. மெதுவாகச் சுற்றினால் இன்ஜின் பின்னுக்கு உதைக்கும்; அந்த உதையைத் தாங்குவது ஸ்டார்ட்டரின் ஸ்ப்ராக் கிளட்ச், ஒரு திசையில் மட்டும் பிடிப்பது. அது தேய்ந்தால் மாற்றுவது சின்ன வேலை இல்லை.

அதோடு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ரப்பர் எல்லாம் மாற்ற வேண்டும்: பெட்ரோல், எண்ணெய், தண்ணீர்க் குழாய்கள், கார்புரேட்டர் பிடிப்புகள், டயாஃப்ரம். பறந்தது இருபது மணியே என்றாலும் காலக்கெடு காலக்கெடுதான். ‘குறைந்த மணி, ஆறு வயது’ என்று விற்பனைக்கு வரும் விமானங்களில் பாதிக் கதை இதுவாகத்தான் இருக்கும்.

உடம்பு

செஸ்னாவில் முதலில் சீட் ரெயிலைப் பாருங்கள். இருக்கையைப் பூட்டும் ஊசி உட்காரும் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் டேக்-ஆஃபில் இருக்கை பின்னால் ஓடிவிடும். கையில் பிடித்த யோக்கும் (ஓட்டும் கைப்பிடி) கூடவே இழுபடுவதால் மூக்கும் மேலே தூக்கும். உயிர் போன விபத்துகள் நடந்து, கட்டாய ஆய்வு உத்தரவே வந்த விஷயம் இது. நல்ல பக்கம்: பெட்ரோல் மேல் இறக்கையிலிருந்து தானாக இறங்குகிறது, பம்ப் கிடையாது.

செரோக்கியில் பெட்ரோல் கீழிருந்து மேலே போக வேண்டும், எனவே மின்பம்ப் உண்டு. செலக்டரில் இடது, வலது, ஆஃப் மட்டுமே. ‘இரண்டும்’ என்ற நிலை இல்லை. அரைமணிக்கு ஒருமுறை மாற்றும் பழக்கம் இல்லாதவர்கள் ஒரு டேங்க் நிறைய வைத்துக்கொண்டே இன்ஜினை அணைத்திருக்கிறார்கள். ஆய்வின்போது டேங்குகளைக் கழற்றி, இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரில் துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டேங்கை மாட்டியபடியே அந்த இடத்தைப் பார்க்க முடியாது, பலர் பார்ப்பதும் இல்லை. கதவு வலப்பக்கம் ஒன்றுதான்; மழையில் அதன் ரப்பர் ஒழுகுவது தனி அலுப்பு.

600 கிலோ வகை மெலிந்த உடம்பு. மூக்குச் சக்கரம் கடினமான லேண்டிங்கைத் தாங்காது. பயிற்சிப் பள்ளியில் ஓடியதென்றால் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலான தடுப்பு) ஓரங்களில் சுருக்கம், புது ரிவெட் தேடுங்கள். வெட்டவெளியில் கட்டி வைப்பதற்கு ஏற்றதல்ல. பெரிய பிரச்சினை காகிதத்தில்: பல நாடுகளில் இவ்வகையில் ஒரு ரேடியோ மாற்றக்கூடத் தயாரிப்பாளரின் எழுத்து அனுமதி தேவை. அந்தக் கம்பெனி மூடிவிட்டால் கேட்க ஆள் இல்லை. செஸ்னாவுக்கும் செரோக்கிக்கும் அந்தக் கவலையே வேண்டாம். பழைய விமானம் தெரிந்த மெக்கானிக் எங்கும் கிடைப்பார்.

எங்கள் தேர்வு

தனியாகவோ மெலிந்த துணையோடோ சுற்றிவரப் போகிறீர்கள், ஹேங்கர் கிடையாது என்றால் செஸ்னா 150. ஹேங்கரும், ரோட்டாக்ஸ் படித்த மெக்கானிக்கும் பக்கத்தில் இருந்து, காரின் பெட்ரோலும் எத்தனால் இல்லாமல் கிடைத்தால் 600 கிலோ வகை. இருவர் பையோடு ஊர் போய் வர வேண்டும், அல்லது மூன்று பேர் கூட்டாக வாங்குகிறீர்கள் என்றால் செரோக்கி 140. எங்கள் ஓட்டு பெரும்பாலும் இதற்கே விழும். மூவர் ஓட்டினால் நூறு மணியும் எளிதில் நிறையும், கேம்ஷாஃப்டும் காயாது. கூட்டு என்றால் நிலையான செலவைச் சமமாகவும், பெட்ரோலையும் இன்ஜின் ஓவர்ஹாலுக்கான சேமிப்பையும் பறந்த மணிப்படியும் பிரித்து, விலகுபவரின் பங்குக்கு விலை வைக்கும் முறையை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்.

எதுவானாலும் வாங்கும் முன் ஆய்வுக்கு அந்த விமானத்தை இதுவரை தொடாத மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வரிசை: லாக்புக், பிறகு ஒரு மணி நேரப் பறப்பு, பிறகு சூடாக இருக்கும்போதே கம்ப்ரஷன் சோதனை. சிலிண்டருக்குள் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றை விட்டு எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பதோடு காது கொடுத்தும் கேட்க வேண்டும்: எக்ஸாஸ்ட் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங். கடைசியாக ஃபில்டரை வெட்டி, மடிப்புத் தாளை விரித்துக் காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டும் துகள் கைநிறைய வந்தால் விலை பேச வேண்டிய அவசியமே இல்லை. ஒன்றிரண்டு மினுக்கு மட்டும் என்றால் அடுத்த இருபத்தைந்து மணியில் மறுபடி வெட்டிப் பார்க்கலாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லி வையுங்கள்.