ஹியூகோவில் ஒரு தமிழ் இணைய இதழ்: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரியவந்தவை

பண்பாடும் தொழில்நுட்பமும் எழுதும் ஒரு சுயாதீன இதழைக் கொழும்பிலிருந்து நடத்த கோப்புகளிலிருந்து தளத்தைக் கட்டித்தரும் ஹியூகோ என்ற மென்பொருளும், அதை இணையத்தில் ஏற்றிவைக்கும் கிளவுட்பிளேர் பேஜஸ் சேவையும் போதும். தரவுத்தளம் கிடையாது; ஒவ்வொரு கட்டுரையும் ஒரு மார்க்டவுன் கோப்பு, அதாவது எளிய குறிகளோடு எழுதிய வெறும் உரைக்கோப்பு. வேர்ட்பிரஸ் போலப் பிளகின்களைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. பேஜஸின் இலவசத் திட்டத்தில் மாதம் 500 தடவை தளத்தைக் கட்டியெழுப்பலாம், ஒரு கோப்பு 25 மெகாபைட்டைத் தாண்டக்கூடாது. டொமைனுக்கு மட்டும்தான் காசு. 2022இல் டொலர் ஏறியபோது வெளிநாட்டு ஹோஸ்டிங் கட்டணம் கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பெரிய வேலை எழுத்துகளைச் சீர்செய்வதுதான். இலங்கையில் இன்றும் பலர் ஒருங்குறி (யுனிகோட்) அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டி வேர்ட் கோப்பாக அனுப்புகிறார்கள். அதை அப்படியே ஒருங்குறிக்கு மாற்றும் கருவியில் ஒட்டினால் எழுத்துரு விவரம் தொலைந்துவிடும். இடையில் ஆங்கிலத்தில் இருக்கும் லினக்ஸ், அண்ட்ரொயிட் எல்லாம் தமிழ்க் குப்பையாக மாறி வரும். வேர்டின் தேடும் வசதியில் எழுத்துருவைக் குறிப்பிட்டு, பாமினித் துண்டுகளை மட்டும் தெரிவுசெய்து மாற்றுங்கள்.

அதற்குப் பிறகும் ஔகாரம் காலை வாரும். கூத்து ஆய்வாளர் மௌனகுருவின் பெயர் ஒற்றைக் கொம்பும் தனி ளகரமுமாக 'மெளனகுரு' என்று வந்திருக்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தளத்தில் தேடினால் அகப்படாது. கூத்தைப் பற்றிய நல்ல கட்டுரை ஒன்று இப்படி மறைந்துபோவது ஒரு பண்பாட்டு இதழுக்குப் பெரிய இழப்பு. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறிவடிவங்களை ஒன்றாக்கும் ஒருங்குறியின் என்எப்சி சீராக்கம், கொம்பும் காலும் தனித்தனியாகக் கிடக்கும் 'கொ', 'கோ'வை ஒட்டிவிடும். ஆனால் இந்த ஔகாரப் பிழையைத் தொடாது, ஏனென்றால் ள தனி எழுத்து. கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் எல்லா இடத்தையும் ஒரேயடியாக ஔகாரக் குறியாக மாற்றினாலோ வெள்ளவத்தை சிதைந்து, புள்ளி அந்தரத்தில் தொங்கும். ளகரத்தின் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடங்களில் மட்டும் மாற்றி, கண்ணாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கட்டுரையின் முகவரியைத் தமிழில் வைக்க வேண்டாம். ஒவ்வொரு தமிழ்க் குறியும் யுடிஎப்-8 என்ற குறியாக்கத்தில் 3 பைட். இணைப்பைப் பிரதிசெய்து பகிரும்போது அது 9 எழுத்துகளாக விரிந்து, வட்ஸ்அப்பில் பல வரிக்கு ஓடும். சுருக்கமான ரோமன் முகவரியை கட்டுரைக் கோப்பின் தலைப்பகுதியில் ஸ்லக் என்ற இடத்தில் கொடுங்கள். பிறகு மாற்ற நேர்ந்தால் பழையதை எலியஸாக, அதாவது மாற்று முகவரியாகச் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் எல்லாம் செத்துவிடும்.

மின்னஞ்சல் மடலிலும் இதே 3 பைட் கணக்குத்தான். ஏறக்குறைய 102 கிலோபைட்டைத் தாண்டும் மடலை ஜிமெயில் வெட்டிவிடும். முதல் மூன்று பத்திகளும் இணைப்பும் போதும்.

சந்தாதான் இன்னும் தீராத தலைவலி. கோஸ்ட், சப்ஸ்டாக் ஆகிய பதிப்புத் தளங்கள் ஸ்ட்ரைப் என்ற இணையக் கட்டணச் சேவை வழியாகவே சந்தா வசூலிக்கின்றன. ஸ்ட்ரைப் இலங்கையில் இல்லை. உள்ளூர் வாசகருக்கு வங்கி வைப்பு அல்லது பேஹியர் போன்ற உள்ளூர்ச் சேவைதான் வழி. வங்கி வைப்பு என்றால் குறிப்புப் பகுதியில் சந்தாதாரரின் பெயரையும் மாதத்தையும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். அது இல்லாமல் யார் கட்டினார் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.