ஜூஸர் வாங்குமுன்: வேகமாகச் சுழற்றுவதா, மெதுவாகப் பிழிவதா?

ஒரு கேரட்டைக் கையில் எடுத்து எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் ஒரு சொட்டு வராது. ஆனால் அதன் எடையில் 88 சதவீதம் தண்ணீர். அவ்வளவு நீரும் கண்ணுக்குத் தெரியாத செல் சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அந்தச் சுவரை உடைக்க வேண்டும், பிறகு நீரைச் சக்கையிலிருந்து பிரிக்க வேண்டும். ஜூஸருக்கு இந்த இரண்டு வேலைதான். இவற்றை ஒவ்வொரு வகையும் எப்படிச் செய்கிறது என்று புரிந்துவிட்டால், எது உங்களுக்கு ஒத்துவரும் என்பது பாதி தெரிந்த மாதிரி.

முதலில் சென்ட்ரிஃபியூகல் ஜூஸர். அடியில் கூர்மையான பற்கள் வைத்த தட்டு, அதைச் சுற்றிச் சல்லடைக் கூடை. நிமிடத்துக்கு ஏறக்குறைய 6,000 முதல் 14,000 சுற்று வரை சுழலும். பற்கள் பழத்தைத் துருவும். துருவல் சல்லடையில் மோதும்போது சாறு வெளியே தெறிக்கும், சக்கை பின்னால் உள்ள தொட்டியில் போய் விழும். வாஷிங் மெஷின் துணியிலிருந்து ஈரத்தை உதறுகிறதே, அதே வேலைதான். வாய் அகலமாக இருப்பதால் நடுத்தர ஆப்பிளை முழுசாகப் போடலாம், சில நொடியில் முடிந்துவிடும். ஆப்பிள், கேரட், பீட்ரூட் போன்ற கெட்டியான சரக்குக்கு இது போதும். சத்தம் மட்டும் வீட்டையே எழுப்பிவிடும்.

இலை என்று வந்தால் நிலைமை வேறு. இந்த வகையை நான்கு வருஷம் வைத்திருந்தேன். ஒருநாள் இரண்டு கைப்பிடி கீரையைப் போட்டேன். தம்ளரில் வந்தது இரண்டு ஸ்பூன். சக்கைத் தொட்டியைத் திறந்தால் பாதி இலை கிழியாமல் ஈரமாகக் கிடந்தது. அதை அள்ளிக் கையால் பிழிந்ததும் மெஷின் கொடுத்ததைவிடக் கூடுதலாகச் சாறு வந்தது. இலை மெலிசு, எடையும் இல்லை. பல்லில் சிக்கித் துருவலாவதற்குள் சுழற்சி அதைத் தூக்கி எறிந்துவிடுகிறது. அன்றுதான் மெதுவான வகையைத் தேட ஆரம்பித்தேன்.

மெதுவான வகையை ஸ்லோ ஜூஸர் என்றும் கோல்ட் பிரஸ் என்றும் விற்கிறார்கள். உள்ளே ஒரு திருகு உருளை நிமிடத்துக்குச் சுமார் 40 முதல் 100 சுற்று மட்டும் சுழன்று, பழத்தைச் சல்லடையோடு சேர்த்து நசுக்கும். சத்தம் ஒரு முனகல் அளவுதான். சக்கை உலர்ந்து வரும், நுரை குறைவு. இதிலேயே இரண்டு ஜாதி. நிமிர்ந்து நிற்பதில் வாய் பெரிது, பழம் தன் எடையிலேயே கீழே இறங்கும், இடமும் கொஞ்சம்தான் அடைக்கும். படுக்கை வாட்டத்தில் நீளமாக இருப்பதில் வாய் சிறிது, எல்லாவற்றையும் நறுக்கித்தான் தர வேண்டும். ஆனால் இலைக்கும் கோதுமைப் புல்லுக்கும் செலரித் தண்டுக்கும் அதுதான் ராஜா. கழுவுவதும் அதில் சுலபம். இரண்டு பல்லுருளைகள் ஒன்றோடொன்று உரசி அரைக்கும் இன்னொரு வகையும் உண்டு. பிழிவதில் அதற்கு இணை குறைவு. ஆனால் கனம், விலை, நேரம் எல்லாமே அதிகம். தினமும் இலைச்சாறு மட்டுமே குடிப்பவர் தவிர மற்றவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

வேகமான ஜூஸர் சூடாகிச் சத்தைக் கொன்றுவிடும் என்று விற்பனையில் அடிக்கடி சொல்கிறார்கள். இதை நம்பி இரண்டு மடங்கு செலவு செய்ய வேண்டாம். சாறு அந்தக் கூடைக்குள் இருப்பது ஒரு சில நொடி. அதற்குள் ஏறும் சூடு சத்தை அழிக்கும் அளவுக்குப் போவதில்லை. உண்மையான விஷயம் காற்று. வேகமாகச் சுழலும்போது சாற்றோடு காற்று கலக்கிறது. ஆப்பிளை வெட்டி வைத்தால் பழுப்பாகிறதே, அதற்குக் காரணமான நொதி அந்தக் காற்றை வைத்துக்கொண்டு இங்கேயும் அதே வேலையைத் தொடங்குகிறது. இரண்டு மெஷினிலும் ஒரே ஆப்பிள் வகையைப் பிழிந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வேகமானதில் ஒரு விரற்கடை நுரை, நுரைக்கு அடியில் சீக்கிரமே பழுப்பு. மெதுவானதும் பழுப்பாகத்தான் செய்தது, கொஞ்சம் தாமதமாக. பிழிந்த கையோடு குடிப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. காலையில் பிழிந்து மதியத்துக்கு எடுத்துப் போகிறவருக்குத்தான் மெதுவானது லாபம். எந்த மெஷினாக இருந்தாலும் அரை எலுமிச்சை பிழிந்து விட்டால் நிறம் கூடுதல் நேரம் நிற்கும்.

மிக்ஸியை மறந்துவிட வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் வடித்துப் பிழிந்தால் நல்ல சாறே கிடைக்கும். கைக்கு வேலை, சாற்றில் தண்ணீர் கலக்கிறது, நுரையும் வரும், குறை அவ்வளவுதான். வடிக்காமல் குடித்தால் நார்ச்சத்தும் உள்ளே போகும், அது இந்த வழிக்கு மட்டுமே உள்ள பெருமை. ஆரஞ்சு மாதிரி விதையுள்ள பழங்களை அரைக்கும்போது மட்டும் விதையை எடுத்துவிட வேண்டும், உடைந்தால் கசக்கும். ஒரு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். மூன்றாம் வாரமே ஆர்வம் விட்டுப்போனால், வாங்காத ஜூஸரின் காசு மிச்சம்.

வீட்டில் ஆரஞ்சும் எலுமிச்சையும்தான் என்றால், கூம்பு வைத்த சிறிய பிழிவானே போதும். தோலோடு எதிலும் போடாதீர்கள், தோலில் உள்ள எண்ணெய் கசப்பு தரும். சில ஆரஞ்சு வகைகளில் பிழிந்த சாறு முதலில் இனித்துவிட்டு, வைத்திருக்க வைத்திருக்கக் கசக்கும். பழம் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்போம். செல் உடைந்ததும் அதிலிருக்கும் ஒரு பொருள் மெல்ல லிமோனின் என்ற கசப்பாக மாறுவதுதான் காரணம். அந்த வகையை உடனே குடித்துவிட வேண்டும். வாழைப்பழம், அவகாடோ எந்த ஜூஸருக்கும் வேண்டாம். சாறாகப் பிரியாது, கூழாகிச் சல்லடையை அடைக்கும்.

கழுவுவது

என்னைக் கேட்டால், ஜூஸரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் சிங்க்தான். அலமாரியில் தூங்கும் ஜூஸர்களில் பெரும்பாலானவை சாறு சரியில்லை என்பதால் தூங்கவில்லை, சல்லடையைத் தேய்க்க அலுத்துப்போனதால் தூங்குகின்றன. கடையில் வாங்கும்போது மூடியைத் திறந்து பாகங்களை எண்ணுங்கள். ஐந்தா, ஒன்பதா? சல்லடையின் துளைக்குள் பிரஷ் போகிறதா? சக்கை வெளியேறும் குழாய்க்குள் விரல் நுழைகிறதா? நிமிர்ந்த ஸ்லோ ஜூஸரில் அந்தக் குழாயின் அடியில் ஒரு சிலிக்கோன் மூடி இருக்கும். அதைத் திறந்து கழுவாவிட்டால் இரண்டே நாளில் புளித்த வாடை வரும்.

பிழிந்த உடனே தண்ணீரில் அலசிவிட்டால் இரண்டு நிமிட வேலை. காயவிட்டால் நார் சல்லடையில் ஒட்டிக்கொண்டு அரைமணி நேரம் தின்னும். நான் சாற்றைக் குடிப்பதற்கு முன்பே சல்லடையை ஊற வைத்துவிடுவேன். செலரி போன்ற நார்த்தண்டை விரல் நீளத்துக்குள் நறுக்கிப் போடுங்கள், நீளமாகப் போட்டால் நார் திருகில் கயிறு போலச் சுற்றிக்கொள்ளும். மென்மையானதையும் கெட்டியானதையும் மாற்றி மாற்றிப் போட்டால் அடைப்பு குறையும். திணறினால் பின்னோக்கிச் சுழற்றும் பொத்தானை அழுத்த வேண்டும், கரண்டியால் குத்தக் கூடாது. தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று கையேட்டில் இருக்கும், அதை மீறினால் மோட்டார் போகும்.

மோட்டாருக்குப் பத்து வருஷ உத்தரவாதம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். முதலில் தேய்வது மோட்டாரா? சல்லடையும் சிலிக்கோன் வளையங்களும்தான். அவை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுக் காசை எடுங்கள்.

எந்த வகையில் பிழிந்தாலும் ஒரு கணக்கு மாறாது. 100 கிராம் ஆப்பிளில் சர்க்கரை சுமார் 10 கிராம், நார்ச்சத்து 2.4 கிராம். 100 கிராம் ஆப்பிள் சாற்றில் சர்க்கரை கிட்டத்தட்ட அதே அளவு, நார் 0.2 கிராம். மூன்று ஆப்பிளை உட்கார்ந்து தின்பது கஷ்டம், மூன்று ஆப்பிள் சாற்றை ஒரே மூச்சில் குடித்துவிடலாம். பழச்சாற்றுச் சர்க்கரையை உலக சுகாதார நிறுவனம் தேனில் உள்ள சர்க்கரையோடு சேர்த்து, குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் வைக்கிறது. அதனால் என் தம்ளரில் காய் முக்கால், பழம் கால். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பசலை, பீட்ரூட் சாற்றைத் தினமும் குடிக்கும் முன் மருத்துவரிடம் கேட்பது அவசியம், இரண்டிலும் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். கிரேப்ஃப்ரூட் (திராட்சை இல்லை, ஆரஞ்சு இனத்துப் பழம்) சாறு கொழுப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரும் சில மாத்திரைகளோடு மோதும். ஒரு வயதாகாத குழந்தைக்குச் சாறே வேண்டாம்.

ஆக, காலையில் அவசரம், ஆப்பிளும் கேரட்டும்தான், உடனே குடிப்பீர்கள் என்றால் வேகமானதை வாங்குங்கள், குறையில்லை. கீரை வாரத்தில் மூன்று நாளாவது உண்டு, அல்லது பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்றால் நிமிர்ந்த ஸ்லோ ஜூஸர். இலையே பிரதானம் என்றால் படுக்கை வாட்டம். நான் இப்போது வைத்திருப்பது நிமிர்ந்தது. நறுக்கும் நேரம் கூடியிருக்கிறது, ஆனால் சக்கையைக் கையால் பிழிந்து பார்க்கும் பழக்கம் போயே போய்விட்டது.

வாங்கிய முதல் வாரத்தில் சாறு விழும் கிண்ணம் கேரட் நிறத்துக்கு மாறிவிட்டால் பயப்பட வேண்டாம். சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது, அந்தச் சாயம் எண்ணெயில்தான் கரையும். பஞ்சில் இரண்டு சொட்டுச் சமையல் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பஞ்சு ஆரஞ்சாகும், கிண்ணம் வெளுக்கும். அதற்குப் பிறகு சோப்பு.