கிளிப் கழற்றியாச்சு, வேலை முடியலைங்க

பல்லுக்குப் போட்டிருந்த கிளிப்பைக் கழற்றிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது போய் இதை எழுதக் காரணம், கீழ்ப் பற்களின் பின்பக்கம் ஒட்டியிருந்த ரிட்டெய்னர் கம்பி (நேராக்கிய பல் பழைய இடத்துக்கே போய்விடாமல் பிடித்து வைப்பது) போன வாரம் ஒரு முனையில் விட்டுப்போனதுதான். ஈரோடு போய் அதை மறுபடி ஒட்டிக்கொண்டு கோபிக்கு பஸ் ஏறினால், பொள்ளாச்சியிலிருந்து அக்கா போன். "பாப்பாவுக்குக் கிளிப் போடோணும்ங்கறாங்க, போடலாமா தம்பி?" புதிதாக வைத்த பசை நாக்கில் உரசிக்கொண்டிருந்த நேரம். இப்போது வாயைத் திறந்தால் நல்லதாக எதுவும் வராது, எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஒவ்வொரு பல்லிலும் ஒட்டுகிற பிராக்கெட் என்ற சின்ன வில்லை, அதில் மாட்டும் கம்பி, மாதம் ஒரு தரம் போய் முறுக்கிக்கொண்டு வருவது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. என் பிரச்சினை டீப் பைட். வாயை மூடும்போது மேல் முன்பல் கீழ்ப் பல்லை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மறைத்தால் சரி. எனக்கு முழுசாக மறைத்து, கீழ்ப் பல்லின் நுனி மேலே அண்ணத்தில் போய்க் குத்தும். அந்த இடம் ஆறவே ஆறாது. ரசத்தில் மிளகு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வெளியே பார்க்கப் பல்வரிசை ஒழுங்காகத்தான் இருந்தது என்பதால் வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை. "ஏனுங்க மாப்ள, இந்த வயசுல இதெல்லாம் எதுக்குங்க?" என்று மாமனார் கேட்டார். எனக்கும் சந்தேகம்தான். ஆனால் ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் எந்த வயதிலும் பல் நகரும். கம்பி அழுத்துகிற பக்கம் எலும்பு கரைகிறது, இழுபடுகிற பக்கம் புதிதாக வளர்கிறது. மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே நல்ல வேகம். அதனால்தான் வருஷக்கணக்கில் இழுக்கிறது.

முதல் சில மாதங்கள் கடைவாய்ப் பல்லின் மேல் நீல நிறத்தில் ஒரு மேடு வைத்து, வாய் முழுசாக மூடாதபடி செய்திருந்தார்கள். கடிப்பதற்கு அந்த மேடு மட்டும்தான். அரிசியும் பருப்பும் சாதம், சந்தகை, தேங்காய்ப்பால் என்று ஓடியது. நான் மெலிந்துவிட்டேன் என்று அம்மாவுக்குக் கவலை, எனக்கு அதில் உள்ளூர சந்தோஷம். பள்ளிபாளையம் சிக்கனில் கிடக்கும் தேங்காய்ச் சில்லு மட்டும் கிளிப் போட்டவருக்கு ஆகாது. பிராக்கெட் பேர்ந்து கையோடு வரும். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள ஊர்கள் இருக்கின்றன. அந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்து, பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையுமாக இருப்பவர்களுக்கு பிராக்கெட் பசை சரியாகப் பிடிப்பதில்லை. அப்படிப் பல் இருந்தால் ஒட்டுவதற்கு முன்பே டாக்டரிடம் அதைப் பேசிவிடுங்கள்.

கம்பியைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். நிக்கலும் டைட்டானியமும் கலந்த அந்த உலோகம் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்தது. எப்படி வளைத்துக் கட்டினாலும் வாயின் சூட்டில் தன் பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். அந்தப் பிடிவாதம்தான் பல்லை இழுக்கிறது. வலி தாங்காத இரவுகளில் ஐஸ் தண்ணீரை வாயில் வைத்திருந்தால் கம்பி கொஞ்சம் இளகும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது கிளினிக்கில் பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு காலேஜ் பெண்.

வெளியே தெரியக்கூடாது என்று கூடுதல் பணம் கொடுத்து செராமிக் பிராக்கெட் போட்டேன். செராமிக் வெள்ளையாகவே இருந்தது. அதைக் கம்பியோடு கட்டும் கண்ணாடி நிற ரப்பர் வளையம் இருக்கிறதே, அது முதல் குழம்பிலேயே மஞ்சளாகிவிட்டது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அதன் தரத்துக்கு என் வாயே சாட்சி. மஞ்சள் இல்லாமல் சமைப்பது இங்கே நடக்காத காரியம். ஸ்டீலே போட்டிருக்கலாம், காசாவது மிஞ்சியிருக்கும்.

சரி, ரிட்டெய்னர். கிளிப் கழற்றிய அன்று எல்லாம் முடிந்தது என்று ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். அங்கே கையில் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொடுத்து, சாப்பிடும் நேரம் தவிர நாள் முழுக்க மாட்ட வேண்டும், அப்புறம் இரவில் மட்டும் என்றார்கள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். சிரித்தார்கள். பல் இடம் மாறினாலும் அதைச் சுற்றி ஈறில் இருக்கும் நார்கள், கயிறு கட்டி இழுத்து நிறுத்திய கன்றுக்குட்டி மாதிரி, பழைய இடத்துக்கே திமிறும். அவை அடங்கவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகலாம். போதாததற்கு, வயது ஏற ஏற கிளிப்பே போடாதவர்களுக்கும் கீழ் முன்பல் நெருங்கிக்கொண்டு வரும். ஆக, கணக்குப்படி சாகும்வரை. விஞ்ஞானம் சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. பணம் கட்டும் முன் இதைச் சொல்லவில்லையே என்பதுதான் கோபம். அச்செடுக்கும்போது சொல்லியிருக்கலாம், பல் பிடுங்கும்போது சொல்லியிருக்கலாம். மாதாமாதம் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு படுத்திருந்தேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அந்த உறையும் மஞ்சளாகும். வெந்நீரில் போட்டுக் கழுவினால் கோணிக்கொள்ளும், பேஸ்ட் வைத்துத் தேய்த்தால் கீறல் விழும். பச்சைத் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும்தான் சரி. பின்பக்கக் கம்பி மாட்டிக் கழற்றும் வேலை இல்லாதது, ஆனால் அதில் காறை சேரும். விட்டுப்போனால் நமக்கு உடனே தெரியாமலும் போகலாம், அதற்குள் பல் நகர ஆரம்பித்துவிடும். ஒட்டித் தர தனிக் காசு. சிகிச்சைப் பணத்தில் அது சேராதாம்.

இத்தனைக்கும் வேலை சுத்தம். அண்ணத்தில் புண் போய்விட்டது. இப்போது மிளகு ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிக்கிறேன். கொய்யாவை முன்பல்லால் கடித்துத் தின்ன முடிகிறது. இதை எவ்வளவு எழுதினாலும் முன்பல்லால் நன்றாகக் கடித்து வளர்ந்தவர்களுக்கு விளங்காது. சிகிச்சை செய்தவரின் கைத்திறமையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பாப்பா விஷயம் வேறு. கீழ்த்தாடை பின்வாங்கி இருப்பதாகச் சொல்கிறார்கள் என்றாய். வளர்கிற வயதில் தாடையை முன்னே கொண்டுவர, மாட்டிக் கழற்றுகிற சாதனங்கள் இருக்கின்றன. வளர்ச்சி நின்ற பிறகு அவை பெரிதாகப் பயன்படாது. தாடை அதிகமாகவே பின்வாங்கியிருந்தால் அப்புறம் ஆபரேஷன் வரை பேச்சு போகும். அதனால் தள்ளிப்போடாதே. பல் சீரமைப்பையே தனியாகப் படித்த டாக்டரிடம் காட்டு. பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரேயை உன்னிடமும் விளக்கச் சொல். ரிட்டெய்னர் உடைந்தால் யார் செலவு என்பதை முதல் நாளே கேட்டு பில்லில் எழுதி வாங்கிக்கொள்.

மறுபடியும் போடுவாயா என்று என்னைக் கேட்டால், மாட்டேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான். நாக்கில் இந்தப் பசை உரசுவது நின்றால் நாலு கொடுப்பேனோ என்னவோ. சனிக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா அக்கா, நான் போகிற டாக்டரிடமே காட்டலாம்.