மனச்சோர்வுக்கு மீன் எண்ணெய் மாத்திரை: எந்த ரகம் தேறும், எது தேறாது

கடையில் கிடைக்கும் பெரும்பாலான மீன் எண்ணெய் மாத்திரை டப்பாக்களில் 1000 மி.கி. என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது மாத்திரைக்குள் இருக்கும் மொத்த எண்ணெயின் எடை மட்டுமே. மனநிலைக்காக வாங்குபவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. டப்பாவைத் திருப்பி, ஈபிஏ, டிஎச்ஏ என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். மீன் எண்ணெயில் நமக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் இவைதான். சாதாரண ரகத்தில் 180 மி.கி. ஈபிஏ, 120 மி.கி. டிஎச்ஏ என்றுதான் இருக்கும். மீதி 700 மி.கி. வேறு கொழுப்புகள். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த அளவு ஒரு மாத்திரைக்கா, ஒரு வேளைக்கா? ஒரு வேளை என்று இரண்டு அல்லது மூன்று மாத்திரைகளைக் கணக்கிட்டு எண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் டப்பாக்கள் நிறைய உண்டு.

மனச்சோர்வு விஷயத்தில் கணக்குப் பார்க்க வேண்டியது ஈபிஏவைத்தான். இது பலருக்கு வியப்பாக இருக்கும். மூளையின் உலர் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு. அதிலுள்ள ஒமேகா-3இல் ஏறக்குறைய எல்லாமே டிஎச்ஏ. ஈபிஏ மூளையில் மிகச் சொற்பம். ஆனாலும் மனச்சோர்வு ஆய்வுகளில் பலன் காட்டியது ஈபிஏ மிகுந்த மாத்திரைகள்தான். டிஎச்ஏ மட்டும் கொண்டவை பெரிதாக எதையும் காட்டவில்லை. இதற்கு அதிகம் முன்வைக்கப்படும் விளக்கம் அழற்சி சார்ந்தது. உடலில் அழற்சி கூடும்போது ஐடிஓ என்ற நொதி முடுக்கப்பட்டு, மனநிலையோடு தொடர்புடைய செரடோனின் ஆக வேண்டிய டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் கைனுரெனின் என்ற வேறொரு பொருளின் பக்கம் திருப்பிவிடுகிறது. அழற்சியைத் தூண்டும் பொருள்கள் அரகிடோனிக் அமிலம் என்ற ஒமேகா-6 கொழுப்பிலிருந்து உருவாகின்றன. ஈபிஏ அதே நொதிகளுக்காக அதனுடன் போட்டியிட்டு அந்த உற்பத்தியைக் குறைக்கிறது. அழற்சிக் குறியீடுகள் கூடியிருந்த மனச்சோர்வு நோயாளிகளிடம் ஈபிஏ கூடுதலாக வேலை செய்ததாகத் தென்பட்டதும் இந்த விளக்கத்தோடு பொருந்துகிறது.

அளவுக்கு வருவோம். ஊட்டச்சத்து மனநல ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி நாளொன்றுக்கு 1 முதல் 2 கிராம் ஈபிஏ வேண்டும். டிஎச்ஏவும் சேர்ந்திருந்தால் ஈபிஏ அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தது 8 வாரம் எடுத்த பிறகே பலன் உண்டா இல்லையா என்று முடிவு கட்ட வேண்டும்.

இந்த அளவுகோலில் சாதாரண 1000 மி.கி. ரகம் தோற்றுவிடுகிறது. ஒரு கிராம் ஈபிஏ கிடைக்க அதில் ஆறு மாத்திரை விழுங்க வேண்டும். அப்போதும் ஈபிஏ டிஎச்ஏவைப்போல் ஒன்றரை மடங்குதான். கூடவே தேவையற்ற எண்ணெய் நாலு கிராமுக்கு மேல் உள்ளே போகிறது. ஏப்பமும் வயிற்றுப்போக்கும் வருவது இதனால்தான். தினம் ஒன்று போட்டுவிட்டு "மூணு மாசம் ஆச்சு, ஒண்ணும் தெரியல" என்பவர்கள் எடுத்தது தேவையான அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

மனநிலைக்காக வாங்கத் தகுந்தது ஈபிஏ செறிவூட்டிய ரகம் ஒன்றுதான். ஒரு மாத்திரையில் 500 மி.கி. அல்லது அதற்கு மேல் ஈபிஏ இருக்கட்டும், டிஎச்ஏ 250க்குள் இருக்கட்டும். நாளுக்கு இரண்டு போதும். விலை கூடுதலாகத் தெரியும். ஒரு கிராம் ஈபிஏவுக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பார்த்தால் வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிவிடும்.

காட் மீன் ஈரல் எண்ணெயை இதற்காக வாங்கவே வேண்டாம். அது வேறு பொருள். வைட்டமின் ஏ குறைக்கப்படாத ரகத்தில் ஒரு தேக்கரண்டியில் சுமார் 1350 மைக்ரோகிராம் ரெட்டினால் (வைட்டமின் ஏ) இருக்கிறது. ஒரு கிராம் ஈபிஏவுக்காக மூன்று தேக்கரண்டி குடித்தால் பெரியவர்களுக்கான உச்சவரம்பான 3000 மைக்ரோகிராமைத் தாண்டிவிடும். கர்ப்பிணிகளுக்கு இது உண்மையிலேயே ஆபத்து. மெல்லும் கம்மி வகைகளில் ஒமேகா-3 மிகச் சொற்பம். இந்த அளவை அவற்றால் எட்ட முடியாது. ஆளிவிதை எண்ணெய் மாத்திரையில் இருப்பது ஏஎல்ஏ என்ற தாவர ஒமேகா-3. அதை உடல் ஈபிஏவாக மாற்றுவது சில சதவீதம்தான். டிஎச்ஏவாக மாற்றுவது அதைவிடக் குறைவு. சைவர்களுக்குப் பாசி எண்ணெய் நல்ல மாற்று. ஆனால் அவற்றில் பல டிஎச்ஏ மட்டுமே கொண்டவை. ஈபிஏ அளவு தனியாக அச்சிடப்பட்டிருப்பதைத் தேடிப் பிடிக்க வேண்டும். மேல் உறை ஜெலட்டினா, தாவரப் பொருளா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செறிவூட்டிய மாத்திரைகள் இரண்டு வடிவில் வருகின்றன: எத்தில் எஸ்டர், டிரைகிளிசரைடு. எந்த வடிவம் என்று டப்பாவில் ஒன்றும் போடவில்லையென்றால் எத்தில் எஸ்டர் என்றே வைத்துக்கொள்ளலாம். அது மோசம் என்று பொருளல்ல. கொழுப்பு இல்லாத வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாது, அவ்வளவுதான். 1988இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கொழுப்பு குறைந்த உணவோடு 20 சதவீதமாக இருந்த எத்தில் எஸ்டரின் உறிஞ்சல், கொழுப்பு மிகுந்த உணவோடு 60 சதவீதமானது. காலையில் வெறும் வயிற்றிலோ, பழம் மட்டும் சாப்பிட்ட பின்போ போடுவது மாத்திரையை வீணாக்குவது. நாளின் மிகக் கொழுப்பான வேளைச் சாப்பாட்டின் நடுவில் போடுங்கள். ஏப்பம் தொந்தரவு செய்தால் இரு வேளையாகப் பிரியுங்கள். தெர்மாகோல் கோப்பையில் எண்ணெயை ஊற்றி, கரைந்தால் போலி என்று காட்டும் காணொளிகளை நம்ப வேண்டாம். எத்தில் எஸ்டர் தெர்மாகோலை வேகமாகக் கரைக்கும்; அதிலிருந்து தெரிவது வடிவம் மட்டுமே. தூய்மையைப் பற்றியோ கெட்டுப்போனதா என்பதைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது.

கெட்டுப்போதல்தான் இந்தப் பொருளின் மிகப் பெரிய பலவீனம். ஈபிஏவில் 5, டிஎச்ஏவில் 6 இரட்டைப் பிணைப்புகள். ஆக்சிஜன் தாக்க அத்தனை இடம். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் வைத்து விற்கும் டப்பாவை எடுக்காதீர்கள். தயாரிப்புத் தேதி எவ்வளவு அண்மையோ அவ்வளவு நல்லது. நல்ல நிறுவனங்கள் தொகுதி எண்ணுக்கு ஏற்ற சோதனை அறிக்கையை வெளியிடுகின்றன. எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் காட்டும் எண்கள் அதில் இருக்கும்: பெராக்சைடு எண் 5க்குள், அனிசிடின் எண் 20க்குள், இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் டோடாக்ஸ் 26க்குள் இருக்க வேண்டும். வீட்டில் செய்யக்கூடிய சோதனை எளிது: புது டப்பா திறந்ததும் ஒரு மாத்திரையை ஊசியால் குத்தி முகர்ந்து, நாக்கில் ஒரு துளி வையுங்கள். இலேசான மீன் வாடை இயல்பு. பெயின்ட் போன்ற நெடியோ, தொண்டையில் காறலோ இருந்தால் முழு டப்பாவையும் திருப்பிக் கொடுங்கள். எலுமிச்சை வாசனை சேர்த்தவற்றிலும், குடலில் கரையும் பூச்சு கொண்டவற்றிலும் இந்த நெடி மறைந்துவிடும் என்பதால் அவற்றைக் குத்திப் பார்ப்பது இன்னும் அவசியம். குளிர்சாதனப் பெட்டியில் எண்ணெய் கலங்கினால் பயப்பட வேண்டாம். அது குளிரில் உறைவது மட்டுமே.

எதிர்பார்ப்பை எங்கே வைக்க வேண்டும்? பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2021 மறுபார்வை, மனச்சோர்வில் பலன் சிறியது, சான்றின் உறுதியும் குறைவு என்றது. அதே ஆண்டு வெளியான வைட்டல்-டெப் ஆய்வில் மனச்சோர்வு இல்லாத 18,353 பேர் ஐந்தாண்டுக்கு மேல் நாளுக்கு 465 மி.கி. ஈபிஏவும் 375 மி.கி. டிஎச்ஏவும் அல்லது வெற்று மாத்திரையும் எடுத்தார்கள். மீன் எண்ணெய் மனச்சோர்வைத் தடுக்கவில்லை. ஆகவே மனநிலை நன்றாக இருக்கும்போது 'முன்னெச்சரிக்கையாக' வாங்குவதற்கு எங்கள் பரிந்துரை இல்லை. மனச்சோர்வு உறுதியாகி, மருந்தோ பேச்சு சிகிச்சையோ தொடரும்போது கூட ஒரு துணையாகச் சேர்ப்பதற்குத்தான் இது பொருத்தம். மருந்தை நிறுத்திவிட்டு இதற்கு மாறக் கூடாது. தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் அது உடனே மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. எந்தச் சத்து மாத்திரைக்கும் அங்கே இடமில்லை.

இதை வாங்கும் முன் இரத்தத்தில் பி12, வைட்டமின் டி, தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது பணத்தை மிச்சப்படுத்தும். பி12 குறைவு மட்டுமே சோர்வு, மறதி, எரிச்சல் எல்லாவற்றையும் கொண்டுவரும். அதற்கு மீன் எண்ணெய் எதுவும் செய்யாது. தூக்கம் ஐந்து மணி நேரமாகச் சுருங்கியிருப்பவருக்கும் அப்படித்தான். உணவை மொத்தமாக மாற்றுவதற்கும் சான்று இருக்கிறது: ஆஸ்திரேலியாவில் 2017இல் வெளியான ஸ்மைல்ஸ் ஆய்வில், 12 வார உணவு வழிகாட்டுதல் பெற்றவர்களில் 32 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டனர். மற்ற குழுவில் அது 8 சதவீதம். 67 பேர் கொண்ட சிறிய ஆய்வுதான், ஆனாலும் பருப்பு, காய், மீன், கொட்டைகள் என்று தட்டையே மாற்றியதன் பலன் அது.

இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ஏற்கெனவே இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஒமேகா-3 அளவு நாளுக்கு ஒரு கிராமைத் தாண்டும்போது இந்தக் கோளாறின் வாய்ப்பு கூடுவது பெரிய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும், அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்களும் முதலில் சொல்லிவிட வேண்டும். எடுக்கத் தொடங்கிய பின் படபடப்பு புதிதாக வந்தால் நிறுத்திவிட்டு ஒரு ஈசிஜி எடுங்கள். 12 வாரம் சரியான அளவில், சரியான உணவோடு எடுத்தும் மாற்றம் எதுவும் தெரியவில்லையென்றால் அடுத்த டப்பா வாங்க வேண்டியதில்லை.