ஆல்பியன் ஸ்ட்ராபெரி: நாலு சீசன் வச்சுப் பாத்த அனுபவம்

நாலு சீசனா ஆல்பியன்தான் போடறேன், அதுக்கு முன்னாடி கேமரோசா. ரகம் மாத்தலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், ஒரே நேரத்துல குமிஞ்சு வர்ற காய்ப்ப நம்பி இத நடாதீங்க. கேமரோசா பகல் குறைவா இருக்கறப்ப மொட்டு கட்டுற ரகம், வந்தா மொத்தமா வந்து பறிக்க ஆள் பத்தாம போயிடும், அப்புறம் ஓஞ்சிடும். ஆல்பியன் டே நியூட்ரல், பகல் நீளம் எப்படி இருந்தாலும் பூக்கும், ஒரு அலை முடிஞ்சு அடுத்த அலைன்னு மாசக்கணக்குல வந்துட்டே இருக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2004ல வெளியிட்டது, இப்ப நிறைய பேர் போடற சான் ஆண்ட்ரியாஸும் மான்டெரேயும் இதுல இருந்து வந்த பிள்ளைங்கதான்.

நான் இத விடாம வச்சிருக்க காரணம் பழத்தோட கெட்டித்தன்மை. நீளமா கூம்பு மாதிரி, உள்ளயும் நல்ல சிவப்பு, தோல் சீக்கிரம் நசுங்காது. ஸ்ட்ராபெரி பறிச்சப்புறம் இனிப்பு ஏறாது, நிறம் வேணா கொஞ்சம் கூடும், அதனால மெத்துனு இருக்கற ரகத்துல வழியில கெட்டுடுமேன்னு பயந்து அரைப்பழமா பறிச்சு ருசியக் கெடுத்துடறோம். இதுல காம்பு வரைக்கும் முழுசா சிவக்க விட்டுப் பறிச்சாலும் போய் சேருது, ஆனா காலையிலயே பறிச்சு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள குளிர்ல வச்சுடணும். காம்புப் பக்கத்து தோள்பட்ட வெள்ளையா இருக்கறப்ப பறிச்சுட்டு ஆல்பியன் புளிக்குதுன்னு சொல்றத நான் ஒத்துக்கவே மாட்டேன்.

வெயில்தான் பிரச்சனை. டே நியூட்ரல்னா எப்பவும் காய்க்கும்னு நினைச்சுட்டு இருந்தேன், அப்படி இல்ல, வெப்பம் 30 டிகிரிய தாண்டி சில நாள் நின்னா புது மொட்டு கட்டறது நின்னுடுது, பூவுல இருந்து பழத்துக்கு ஒரு மாசம் போல ஆகறதால அந்த அடி நமக்கு லேட்டாதான் தெரியும். ரெண்டாவது சீசன்ல பாத்தி முழுக்க இலை பச்சைப்பசேல்னு இருக்கு, பழமே இல்ல, உரம் பத்தலையோன்னு தழைச்சத்த ஏத்தினேன், இலைதான் இன்னும் பெருத்துச்சு, பழம் மெத்துனு ஆச்சு. அந்த நேரத்துல உரத்துல கை வைக்காதீங்க, பாத்தி மண்ண மூடற மல்ச்சிங் ஷீட்ட கருப்புக்கு பதிலா வெள்ளையா போட்டு மண்ண குளிர்ச்சியா வச்சிருங்க.

வெர்டிசிலியம்ன்ற மண் பூஞ்சையால வர்ற வாடலையும் வேர்ப்பக்க அழுகலையும் நல்லா தாங்குது, ஆனா அத நம்பி நடவுல அசால்ட்டா இருந்தா செடி போயிடும். குருத்து மண்ணுக்கு சரிமட்டத்துல இருக்கணும், ஆழமா போனா அழுகும், மேல நின்னா வேர் காயும், என் முதல் சீசன்ல செத்த செடியில பாதி ஆழமா நட்டதுதான். இலைச் சாற உறிஞ்சற செம்பேன் இதுலயும் வரும், வாரம் ஒருக்கா இலையத் திருப்பிப் பாருங்க. உப்புத்தண்ணியும் ஆகாது, இலை ஓரம் கருகிடும்.

ஓடுகொடி, அதாவது தரையில ஓடிப் புதுச் செடி விடற கொடி, கம்மியா விடும், வெட்டற கூலி மிச்சம், ஆனா சொந்தமா நாத்து எடுக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு இது கஷ்டம்.

கோணல் பழம் வந்தா ரகத்தக் குறை சொல்றதுக்கு முன்னாடி தேனீ வருதான்னு பாருங்க. மேல இருக்கற ஒவ்வொரு விதைக்கும் மகரந்தம் சேந்தாதான் அதச் சுத்தி சதை பெருக்கும், சேராத பக்கம் அப்படியே சுருங்கி நின்னுடும். பாத்தி மேல போட்டிருக்க பிளாஸ்டிக் டனலோட பக்கத்த காலையில திறந்து விட ஆரம்பிச்சதும் எனக்கு கழிவுப்பழம் கண்ணுக்குத் தெரியற அளவுக்கு குறைஞ்சுது.

அடுத்த சீசன் ரெண்டு பாத்தி மட்டும் மான்டெரே வச்சுப் பாக்கப் போறேன், இனிப்பு இதவிட கூடன்றாங்க, ஆனா சாம்பல் நோய் சீக்கிரம் பிடிக்கிற ரகம். மத்த பாத்தி எல்லாம் ஆல்பியன்தான்.