சிங்கப்பூர் – நியூயார்க்: நேரடியா, பிராங்பர்ட் வழியா?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கின் ஜேஎப்கே விமான நிலையத்துக்குப் போக சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலேயே இரண்டு வழி இருக்கிறது. எங்கும் நிற்காமல் போகலாம். பிராங்பர்ட்டில் இறங்கி ஏறியும் போகலாம். இரண்டிலும் போய்வந்தபின் நான் நேரடி விமானத்தின் கட்சி.

தூரம் ஒரு பொருட்டே இல்லை. நேரடித் தூரம் 15,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பிராங்பர்ட் வழியாகச் சுமார் 16,500. கூடுதல் பறப்பு ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் நேரடி விமானம் 19 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுகிறது, மற்றது 23 மணியைத் தாண்டிவிடுகிறது. பிராங்பர்ட்டில் நிற்கும் நேரம் ஏறக்குறைய இரண்டு மணி. அதோடு, அங்கிருந்து அட்லாண்டிக்கை மேற்கே கடக்கையில் எதிர்க்காற்று வேறு. நேரடி விமானம் பெரும்பாலும் பசிபிக் பக்கமாகக் கிழக்கே போகும். சுற்றுதான், ஆனாலும் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் கணக்கு சரியாகிவிடுகிறது.

சரி, நாலைந்து மணி மிச்சம். எனக்கு அதுகூட முக்கியமில்லை, தூக்கம்தான் முக்கியம். பிராங்பர்ட் விமானம் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும். சாப்பாடு முடிந்து விளக்கணைந்து, கண் நன்றாகச் செருகும் நேரத்தில் காலை உணவுக்காக எழுப்பிவிடுவார்கள். அப்புறம் தரையிறக்கம். மேலே வைத்த பை, காலடியில் கிடக்கும் செருப்பு, சார்ஜர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு இறங்க வேண்டும். மறுபடி பாதுகாப்புச் சோதனை, மறுபடி வரிசை, பெரும்பாலும் அதே இருக்கை. உடல் அதற்குள் முழித்துவிடும். அடுத்த எட்டரை மணி நேரம் அரைத்தூக்கம்தான். இரண்டு ஊருக்கும் 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 13. இரவும் பகலும் தலைகீழாகும் பயணத்தில் ஒரே மூச்சாக ஏழெட்டு மணி தூங்கி இறங்கினால், போன அன்றே ஒரு வேலையாவது பார்க்கலாம்.

நேரடிக்கு எதிரான பெரிய வாதம் காசு. நேரடியாகப் போகும் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. மொத்தம் 161 இருக்கை: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. குடும்பத்தோடு போகிறவர்கள் பிராங்பர்ட் வழியைத் தேர்ந்தெடுப்பதில் தப்பே சொல்ல முடியாது. கால் வீங்குபவர்களுக்கும் நடுவில் இறங்கி நடப்பது நல்லதுதான். கைக்குழந்தையோடு நான் இரண்டிலும் போனதில்லை, அதனால் அதில் என் தீர்ப்பை நம்ப வேண்டாம். பிசினஸ் வகுப்பில் படுத்துக்கொண்டு போகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு மாறலாம்.

நேரடி என்று முடிவு செய்தால், பிரீமியம் எகானமியின் கடைசி 3 வரிசைகளைப் பாருங்கள். அங்கே ஜன்னலோரம் ஒற்றை இருக்கைதான். பக்கத்தில் ஆளில்லை, சாமான் வைக்க இடமும் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். 19 மணி நேரத்துக்கு அது தகும்.