பைபோலாரா, ஸ்கிசோஅஃபெக்டிவா?

பைபோலார் என்பது மனம் அதீத உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறும் மனநோய். ஸ்கிசோஅஃபெக்டிவ் என்பது அப்படிப்பட்ட மனநிலை மாற்றங்களோடு, அவை இல்லாத நாட்களிலும் இல்லாத குரல் கேட்பது போன்றவை வரும் மனநோய். யாரும் பேசாமலே காதில் குரல் கேட்பது இரண்டிலும் உண்டு. எப்போது கேட்கிறது என்பதுதான் கேள்வி. பைபோலாரில் மனம் உச்சத்துக்கு ஏறும்போதோ சோர்வில் விழும்போதோ வரும். மனநிலை சீரானால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு, வேலைக்கும் போகிற ஒருவருக்கு, மிக்ஸி இரைச்சலுக்கு நடுவிலும் யாரோ திட்டுவது கேட்டுக்கொண்டே இருந்தால்? மனநோய்களைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட கையேடான டி.எஸ்.எம்.-5 கணக்குப்படி, மனம் உச்சத்திலோ சோர்விலோ இல்லாதபோதும் அது 2 வாரமாவது நீடித்தால் ஸ்கிசோஅஃபெக்டிவ் பக்கம் யோசிக்க வேண்டும். போதைப்பொருள், வலிப்பு போன்ற காரணங்களை முதலில் விலக்கிவிட்டுத்தான்.

மருந்து? பைபோலாருக்கு லித்தியம், வால்ப்ரோயேட் போன்றவை முக்கியம். மற்றதில் சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது போல நிஜத்தோடு தொடர்பு அறும் நிலை) மாத்திரை நீண்ட காலம் தொடரும். சந்தேகம் வந்ததற்காக நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் வாதாடுவதைவிட, குரல் கேட்ட தேதி, அன்றைய தூக்கம், மனநிலை மூன்றையும் எழுதிக் கொடுப்பது பலன் தரும் என்பது என் கட்சி.